காகத்துக்கு ஆள் தெரியும்

அம்மா எங்களோடு சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக்கு வந்த புதிதில் ஓர் அமாவாசையும் தவறாது. குளித்து, சமைத்து, பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த ஒரு பிடி சோற்றைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு “கா, கா” என்று குரல் கொடுப்பார். ஒன்பதாம் மாடி. முதல் சில மாதங்கள் மைனாக்கள்தான் தின்றுவிட்டுப் போயின. அப்புறம் ஒரு காகம் வந்தது. ஒருமுறை வந்ததும், அமாவாசைக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு நாள்தோறும் வர ஆரம்பித்தது.

அம்மா ஜன்னலைத் திறந்தால் அது நகராது. நான் திறந்தால் எதிர் அடுக்குமாடி புளோக்குக்குப் போய்விடும். ஊரிலிருந்து சித்தி வந்திருந்தபோது அவரே சோறு வைத்துப் பார்த்தார். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கிட்டத்தட்ட அதே உயரம், அதே குரல். காகம் எதிர் மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அம்மா வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் பறந்து வந்தது. “அப்பாவுக்கு என்னை மட்டும் தெரியாமல் போய்விட்டதா அக்கா?” என்று சித்தி கண்கலங்கிவிட்டார்.

இது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கு சிங்கப்பூரில் அப்படிச் சோறு வைக்கக் கூடாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் சித்தியின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு காகத்துக்கு எப்படி அக்காவையும் தங்கையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது? அதைத் தேடிப் போய்த்தான் காகங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை, இதற்கு முன் இதைப் பற்றி யோசித்திராதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காகத்தின் புத்தியைப் பற்றிப் பேசும்போது அது குச்சியை வளைத்தது, கல்லைப் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது என்று புதிர்களையே பேசுகிறோம். எனக்கு அவை இரண்டாம் பட்சம். காகத்தின் தலைக்குள் ஓயாமல் ஓடுகிற கேள்வி “யார்?” என்பதே. இவன் யார், என்னைப் பார்த்தது யார், கூப்பிடுவது யார், இவனை நம்பலாமா. அதன் மற்ற சாமர்த்தியங்களையும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் எளிதாகப் புரிகிறது.

கப்பலில் வந்த காகம்

சிங்கப்பூரில் இரண்டு வகைக் காகங்களைப் பார்க்கலாம். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம். உடல் முழுக்கக் கறுப்பாக, தடித்த அலகோடு, ஆழ்ந்த குரலில் கத்துவது அண்டங்காக்கை. அண்டங்காக்கை இந்த மண்ணின் பறவை. வீட்டுக் காகம் வந்து சேர்ந்தது.

அது வந்த கதை நம் கதையோடு ஒட்டியது. 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்களைப் புழுக்கள் அழித்துக்கொண்டிருந்தன. புழுவைத் தின்று தீர்க்கட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் இந்தப் பக்கம் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலம். பிறகு காப்பி போய் ரப்பர் வந்தது. காகம் போகவில்லை. 1940களில் சிங்கப்பூரிலும் தென்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலும், 1990களில் நெதர்லாந்தின் கடற்கரையிலும்கூட இதே காகம் போய் இறங்கியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக் காகம் மனிதர்கள் இல்லாத இடத்தில் குடியிருப்பதே இல்லை என்று சொல்லலாம். நடுக்காட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. காப்பிக்கடை, சந்தை, குப்பைத்தொட்டி, மீன்பிடித் துறை, இவைதான் அதன் காடு. அப்படி இருக்கும் பறவைக்கு மனிதர்களைப் படிக்கத் தெரிவது பிழைப்பு. எந்த மேசைக்காரர் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போவார், எந்தத் துப்புரவாளர் துண்டை வீசி விரட்டுவார் என்று தெரிந்தால்தான் அன்றைய சாப்பாடு.

புத்தி என்று எதைச் சொல்கிறோம்?

தூக்கணாங்குருவியின் கூட்டைப் பாருங்கள். அவ்வளவு அழகான நெசவை மனிதக் கையால் செய்வது கடினம். ஆனால் அந்தத் திறமையின் பெரும்பகுதி பிறவியிலேயே வருகிறது. பழகப் பழக மெருகு ஏறுகிறது. அந்தக் குருவியிடம் நெசவு தவிர வேறொரு வேலையைக் கொடுத்தால் திணறிவிடும்.

ஆய்வாளர்கள் புத்தி என்று தேடுவது வேறொன்றை. இதுவரை பார்த்தே இராத ஒரு சிக்கல் எதிரே வந்தால் அந்தப் பிராணி என்ன செய்கிறது? முன்பு கற்றதை எடுத்து, புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கிறதா? ஒரு வழி பலிக்காவிட்டால் அதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போகிறதா? இந்த வளைந்துகொடுக்கும் தன்மைதான் அளவுகோல். இதில் காக்கைக் குடும்பத்துப் பறவைகள் குரங்குகளோடு போட்டி போடுகின்றன.

இவ்வளவு சின்னத் தலைக்குள் எப்படி என்று கேட்கத் தோன்றும். நெடுங்காலம் விஞ்ஞானிகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பறவை மூளையில் நம்முடையதைப் போல மடிப்பு மடிப்பான மேற்பரப்பு கிடையாது. ஆகவே சிந்தனையும் கிடையாது என்று நினைத்திருந்தார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மூளையின் அளவை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தது. ரேவன் என்பது குளிர்நாடுகளில் வாழும் பெரிய காக்கை. அதன் மூளை சுமார் 14 கிராம்தான். ஆனால் சிந்தனைக்கு உரிய மேல்பகுதியில் மட்டும் ஏறக்குறைய 120 கோடி நரம்பணுக்கள். கப்புச்சின் குரங்கின் மூளை பல மடங்கு பெரியது. அதே பகுதியில் அதற்கும் இருப்பது கிட்டத்தட்ட இதே எண்ணிக்கை. பறவை மூளையில் அணுக்கள் சிறியவை, நெருக்கமாக அடுக்கப்பட்டவை. பறக்க வேண்டிய உடம்புக்கு எடை கூடாமல் அறிவைச் சேர்த்துவைக்க இயற்கை கண்ட வழி இது.

முகமூடிக் கதை

இப்போது சித்தியின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளருக்கும் இதே கேள்விதான். காகங்களைப் பிடித்து அடையாள வளையம் மாட்டிவிட்டு விடுவிப்பது அவர் குழுவின் வேலை. பிடித்தவர்களைப் பார்த்தால் மட்டும் காகங்கள் கத்துவதாக அவருக்குத் தோன்றியது. ஆளைப் பார்த்தா, உடையைப் பார்த்தா, நடையைப் பார்த்தா?

2006இல் சோதித்துப் பார்த்தார்கள். குகை மனிதன் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு பல்கலைக்கழக வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, வளையம் போட்டு, உடனே விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் செய்த குற்றம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடி: அன்றைய துணை அதிபர் டிக் செய்னியின் முகம். அதைப் போட்டுக்கொண்டு யாரும் எந்தக் காகத்தையும் தொடவில்லை.

அதன் பிறகு வெவ்வேறு ஆட்கள், ஆண், பெண், உயரம், குள்ளம் என்று பார்க்காமல், இந்த முகமூடிகளை மாட்டிக்கொண்டு வளாகத்தில் நடந்தார்கள். குகை மனிதன் வந்தால் காகங்கள் கூடிக் கத்தின, தலைக்கு மேலே வட்டமிட்டன. செய்னி முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆக, நடை உடை எதுவும் இல்லை, முகம்தான். சித்திக்கு அம்மாவின் குரலும் உயரமும் இருந்து பயனில்லை. முகம் வேறு.

இதோடு நின்றிருந்தால் நல்ல ஞாபகசக்தி என்று சொல்லி முடித்திருக்கலாம். என்னை நிமிர வைத்தது அடுத்து நடந்தது. பிடிபட்டவை ஏழே ஏழு. ஆனால் வருடங்கள் போகப் போக, குகை மனிதனைப் பார்த்துக் கத்தும் காகங்கள் கூடிக்கொண்டே போயின. அந்தப் பிடிப்பைப் பார்த்தே இராதவை கத்தின. அதற்குப் பிறகு பிறந்தவையும் கத்தின. ஐந்து வருடம் கழித்தும் அந்த முகத்தின் மேலிருந்த பகை தணியவில்லை, வளாகத்துக்கு வெளியேயும் பரவியிருந்தது. குஞ்சுகள் தாய் தகப்பனைப் பார்த்துக் கற்றிருந்தன. மற்றவை கூட்டத்தைப் பார்த்துக் கற்றிருந்தன. ஒரு தெருவில் ஒருவரைப் பற்றி “அந்த ஆள் சரியில்லை” என்று பேச்சு பரவுமே, அப்படி.

சியாட்டில் காகமும் ஈசூன் காகமும் ஒரே இனம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நகரத்துப் பறவைகள் மனிதரிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கும் எவருக்கும், வீட்டுக் காகம் ஆளுக்கு ஆள் வித்தியாசமாக நடந்துகொள்வது கண்ணில் படும்.

பாம்பின் கால்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஸ்க்ரப் ஜே என்று ஒரு நீலப் பறவை உண்டு. அதுவும் காக்கைக் குடும்பம்தான். கிடைத்த இரையை மண்ணில் புதைத்துவைத்துப் பிறகு எடுத்துத் தின்னும் பழக்கம் அதற்கு. கேம்பிரிட்ஜில் நிக்கோலா கிளேட்டனும் நாதன் எமரியும் இந்தப் பறவைகளை வைத்து ஒரு சோதனை செய்து, 2001இல் வெளியிட்டார்கள்.

ஒரு பறவை இரையைப் புதைக்கும்போது இன்னொரு பறவை பார்த்துக்கொண்டிருக்கும்படி செய்தார்கள். பிறகு பார்த்த பறவையை அப்புறப்படுத்திவிட்டு, புதைத்த பறவையைத் தனியாக விட்டார்கள். சில பறவைகள் உடனே போய்ப் புதைத்ததைத் தோண்டி எடுத்து வேறு இடத்தில் மறைத்தன. சில பறவைகள் அந்தக் கவலையே இல்லாமல் இருந்தன. யார் இடம் மாற்றினார்கள் என்று பார்த்தால், முன்பு ஒருமுறையாவது அடுத்தவர் இரையைத் திருடிய அனுபவம் இருந்தவை. திருடியே பழக்கமில்லாத பறவைகளுக்கு அந்த எண்ணம் வரவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பதைக் கூண்டுக்குள் வைத்துக் காட்டியது போல.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அந்தப் பறவை செய்திருக்கும் கணக்கு சாதாரணமானது இல்லை. ‘நான் அன்றைக்குப் பார்த்து வைத்துத் திருடினேன். இன்றைக்கு அவன் என்னைப் பார்த்துவிட்டான். அவனும் அப்படியே செய்வான்.’ அதற்கு இப்படி வார்த்தைகள் ஓடியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தன் அனுபவத்தை இன்னொருவர் தலைக்குள் வைத்துப் பார்ப்பதற்கு மிக அருகில் வரும் ஒரு செயல் இது. “யார்?” என்ற கேள்விக்குள் “யார் பார்த்தார்கள்?” என்பதும் அடக்கம்.

கல்லும் கம்பியும்

புதிர்களையும் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும், சுருக்கமாகச் சொல்கிறேன். பானையில் கல்லைப் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் கதையை 2009இல் கேம்பிரிட்ஜில் ரூக் என்ற காக்கை இனத்திடம் சோதித்தார்கள். குழாயில் மிதந்த புழுவை எடுக்க, அவை கல்லைப் போட்டுத் தண்ணீர் மட்டத்தை உயர்த்தின. 2014இல் நியூ கலிடோனியத் தீவுக் காகங்கள் ஒரு படி மேலே போயின. மிதக்கும் பொருளை விட்டுவிட்டு மூழ்கும் பொருளைத் தேர்ந்தெடுத்தன; மணல் இருந்த குழாயை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போயின. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இணைக்கப்பட்ட இரட்டைக் குழாயைக் கொடுத்தபோது தோற்றன. தோற்றதும் முக்கியம், அவற்றுக்கு எது புரிகிறது, எது புரியவில்லை என்று அதில்தான் தெரிகிறது.

அதே தீவுக் காகங்கள் காட்டில் தாழை இன இலையின் முள் விளிம்பை அலகால் கத்தரித்து, படிப்படியாகக் குறுகும் கருவி செய்து, மரப்பொந்திலிருந்து புழுவை இழுக்கின்றன. 1996இல் கேவின் ஹன்ட் இதை எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிரியாணிக்கு நாம் போடுகிற பாண்டான் இலையின் சொந்தக்கார இலை அது. 2002இல் ஆக்ஸ்ஃபர்டில் பெட்டி என்ற காகம் நேரான கம்பியைத் தானே வளைத்துக் கொக்கி செய்தது பெரிய செய்தியானது. அது அந்த நொடியில் உதித்த யோசனை என்று கொண்டாடினார்கள். பின்னர், காட்டில் இருக்கும் அந்த இனக் காகங்களும் குச்சிகளை வளைக்கின்றன என்று 2016இல் தெரியவந்ததும், கொண்டாட்டத்தின் சுருதி கொஞ்சம் இறங்கியது. நல்லதுதான். காகத்தை மதிக்க அதை மேதையாக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் செண்டாய் நகரத்துக் காகங்கள் வால்நட் கொட்டைகளைச் சாலையில் வைத்துவிட்டுக் கார் ஏறி உடைக்கும் வரை காத்திருக்கும். இதில் மனிதரைப் படிக்கும் வித்தையும் கலந்திருக்கிறது, பாருங்கள்.

கரைந்து உண்பது

காகம் தன் இனத்தைக் கூப்பிட்டுத்தான் உண்ணும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒளிக்காமல் பகிர்வதற்கு உதாரணம் என்றே அதை நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் காகம் ஏன் கூப்பிடுகிறது?

இதற்குப் பொறுமையாக விடை தேடியவர் பெர்ண்ட் ஹைன்ரிக். 1980களில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக் காட்டில், உறைபனியில், இறந்த மிருகங்களை வைத்துவிட்டு ரேவன்களைக் கவனித்தார். ஒரு பெரிய உடலைக் கண்டுபிடித்த ரேவன் ஏன் சத்தம் போட்டு மற்றவர்களை வரவழைக்கிறது? தனியாகத் தின்றால் ஒரு மாதச் சாப்பாடு ஆயிற்றே. அவர் கண்டது இது: அந்தப் பகுதியைத் தங்கள் எல்லையாக வைத்திருக்கும் ஒரு ஜோடி வந்து, தனியாக வரும் இளம் ரேவனை அடித்துத் துரத்திவிடும். இளசுகள் கும்பலாக வந்தால் அந்த ஜோடியால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வீடு வாசல் இல்லாத இளம் ரேவன்கள் ஒன்றையொன்று அழைத்து வருகின்றன. பகிர்ந்தால்தான் தனக்கும் கிடைக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. அந்தப் பகிர்வில் கணக்கு இருக்கிறது என்பதால் அது பகிர்வு இல்லையென்று ஆகாது. சிங்கப்பூரில் முதன்முதலில் வந்திறங்கிய நம் ஆட்கள் ஒரே அறையில் பத்துப் பேர் தங்கி, வேலை இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எப்படி? அன்பும் இருந்தது, தனியாகப் பிழைக்க முடியாது என்ற தெளிவும் இருந்தது.

எல்லாக் காகமும் எப்போதும் கூப்பிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு சிறு துண்டு கிடைத்தால் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். தின்று தீராத அளவு இருந்தால், அல்லது இடம் ஆபத்தாக இருந்தால்தான் கூட்டத்தை அழைப்பதில் லாபம். பத்து ஜோடிக் கண்கள் சுற்றிலும் பார்த்தால் நிம்மதியாகக் குனிந்து தின்னலாம்.

கரைவதிலும் கட்டுப்பாடு உண்டு. ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில், டயானா லியாவும் ஆண்ட்ரியாஸ் நீடரும் சேர்ந்த குழு 2024இல் ஒன்றைக் காட்டியது. ஓர் எண் குறியைக் காட்டினாலோ ஓர் ஒலியைக் கேட்க வைத்தாலோ அதற்கேற்ப ஒன்று முதல் நான்கு தடவை வரை எண்ணிக் கத்தும்படி காகங்களைப் பழக்க முடிந்தது. வாய்க்கு வந்தபடி கத்தவில்லை. எத்தனை என்று முடிவு செய்துகொண்டு கத்துகின்றன.

சாவுக்குக் கூடுவது

ஊரில் மின்கம்பியில் அடிபட்டு ஒரு காகம் விழுந்தால் அரை மணி நேரத்துக்குத் தெருவில் நிற்க முடியாது. எங்கிருந்தோ நூறு காகம் வந்துவிடும். இங்கே மின்கம்பிகளெல்லாம் நிலத்துக்கு அடியில் ஓடுவதால் அந்தக் காட்சி குறைவு. ஆனால் சாலையில் அடிபட்ட காகத்தைச் சுற்றி மற்றவை கூடுவதை இங்கும் பார்த்திருக்கிறேன். “சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்” என்பார் அம்மா.

மார்ஸ்லஃபின் மாணவி கேலி ஸ்விஃப்ட் இதைத்தான் ஆராய்ந்தார். முகமூடி அணிந்த ஒருவர் பாடம் செய்யப்பட்ட காக உடலைக் கையில் ஏந்தி நின்றார். காகங்கள் கூடிக் கத்தின. அந்த இடத்தில் வைத்த உணவைச் சில நாட்கள் தொடத் தயங்கின. அந்த முகத்தை ஆறு வாரம் வரை நினைவில் வைத்திருந்தன. கையில் புறாவின் உடல் இருந்தபோது அவ்வளவு அமளி இல்லை. 2015இல் வெளியான இந்த ஆய்வு சொல்வது, கூடும் காகங்கள் குறைந்தபட்சம் துப்பறிகின்றன: இங்கே என்ன ஆபத்து, செய்தது யார். துக்கமும் உண்டா? அதை அளக்கக் கருவி இல்லை. அம்மாவின் சொல்லை நான் திருத்தியதில்லை.

கூட்டுக்குள் மட்டும் ஏமாறுவது

இவ்வளவு கெட்டிக்காரப் பறவையைத்தான் குயில் ஏமாற்றுகிறது. விடியற்காலையில் நம் புளோக்குகளுக்கு இடையே “குவூ, குவூ” என்று குரல் ஏறிக்கொண்டே போகுமே, அந்தக் குயில் சிங்கப்பூரில் பெருகியதற்குக் காகம் பெருகியது ஒரு காரணம். ஆண் குயில் கூட்டருகே வந்து கத்தி வம்பிழுக்கும். காகங்கள் துரத்திக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் பெண் குயில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காக முட்டைக்கு முன்பே பொரிக்கும். அப்புறம் காகமே அலைந்து திரிந்து ஊட்டி வளர்க்கும்.

முகத்தை ஐந்து வருடம் மறக்காத காகத்துக்குத் தன் கூட்டில் இருப்பது யார் என்று தெரியவில்லையா? முதலில் எனக்கு இது முரணாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், புத்தி என்பது உடம்பு முழுக்க ஒரே அளவில் நிரப்பிய தண்ணீர் இல்லை. கூட்டில் வாய் பிளக்கும் குஞ்சுக்கு ஊட்டு என்ற உந்துதல் மிகப் பழையது, மிக வலுவானது. அங்கே நின்று சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும் காகம் தன் சொந்தக் குஞ்சையும் பட்டினி போட்டுவிடலாம். கேள்வி கேட்கும் இடமும் கேட்காமல் விடும் இடமும் அதற்குப் பிறவியிலேயே பிரிந்திருக்கின்றன.

நம் புளோக்கும் நம் சோறும்

2000களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் காகங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்ததாக மதிப்பிட்டார்கள். பல வருடங்கள் துப்பாக்கியால் சுட்டுக் குறைத்தார்கள். 2020இல் சுடுவது நின்றது. அதன் பிறகு தேசியப் பூங்காக் கழகம் கூடுகளை அகற்றுவது, பொறிவைத்துப் பிடிப்பது, உணவு கிடைக்கும் வழிகளை அடைப்பது என்று வேறு முறைகளைக் கையாண்டது. உணவங்காடி நிலையங்களில் 2021 முதல் தட்டைத் திருப்பி வைக்கச் சொல்வதிலும் பறவைகளுக்கு ஒரு பங்கு உண்டு.

2023 தொடக்கத்தில் பீஷானில் நடந்து போனவர்களின் தலையில் காகங்கள் பாய்ந்து கொத்தும் காணொளி பரவியது நினைவிருக்கலாம். காகத்துக்கு வெறி பிடித்துவிட்டது என்று பேசினார்கள். அநேகமாக எல்லாத் தாக்குதலுக்கும் காரணம் ஒன்றுதான்: பக்கத்து மரத்தில் கூடு, அல்லது பறக்கப் பழகும் குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருப்பது. அந்தக் கவலை சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதுவரை அந்த மரத்தடியைத் தவிர்த்து எதிர்ப்பக்க நடைபாதையில் போகலாம். வழியே இல்லையென்றால் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடக்கலாம். கல்லெறிவது, கையை வீசுவது வேண்டாம். குஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று தூக்கவும் வேண்டாம். தாயும் தகப்பனும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும், உங்கள் முகத்தையும் சேர்த்து.

இனி சோறு. 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவிடுவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரை, மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். காகத்துக்கும் இது பொருந்தும். அமாவாசைப் பிடிச்சோறுக்கு விலக்கு இல்லை.

இதைச் சொல்லும்போது எனக்கும் மனசு கனக்கிறது. ஆனால் காகத்தைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் படித்த பிறகு இந்தச் சட்டத்தை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு ஜன்னலில் சோறு கிடைக்கிறது என்று ஒரு காகத்துக்குத் தெரிந்தால் அது ஒரு காகத்தோடு நிற்காது. கூட்டம் கற்றுக்கொள்ளும், குஞ்சுகள் கற்றுக்கொள்ளும். சோறு வருவது ஜன்னலிலிருந்துதான் என்று பழகிய பறவை, சோறு வைக்காத பக்கத்து வீட்டு ஜன்னலிலும் போய் நிற்கும். கூட்டையும் அதே புளோக்குக்குக் கீழே கட்டும். அப்புறம் யாரோ ஒருவர் தலையில் கொத்து வாங்குவார், புகார் போகும், பொறி வரும். நாம் அன்பாக வைத்த பிடிச்சோறு அந்தக் காகத்தையே பொறியில் கொண்டுபோய் நிறுத்தும்.

அம்மாவிடம் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ அப்பாவுக்கு?” என்றார். இப்போது அமாவாசையன்று தாத்தாவின் படத்துக்கு முன்னால் வாழையிலைத் துண்டில் சோறு வைத்துக் கும்பிட்டுவிட்டு, அதை எங்கள் தட்டுகளில் ஒவ்வொரு கவளமாகப் போடுகிறார். அந்தக் காகம் சோறு நின்ற பிறகும் பல வாரங்கள் எதிர் மாடியில் வந்து உட்கார்ந்தது. அம்மா ஜன்னலருகே போவதைத் தவிர்த்தார். பிறகு ஒருநாள் அது வரவில்லை.

காகத்தைப் பார்க்க ஆசை இருப்பவர்களுக்கு சோறு தேவையில்லை. மாலை ஏழு மணியை ஒட்டி, தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக நிற்கும் ஏதாவது ஒரு சாலையோரம் நில்லுங்கள். இரவில் அடைவதற்கு முன் அவை கூடும் நேரம் அது. யார் எந்தக் கிளையில், யார் யாரைத் துரத்துகிறார்கள், எந்த இரண்டு ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று கழுத்து இறகைக் கோதிவிடுகின்றன என்று பாருங்கள். பகலில் காப்பிக்கடைப் பக்கம் போனால், கீழே இறங்காமல் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்க்கும் ஒன்றைத் தேடுங்கள்.

போன மாதம் எங்கள் புளோக்குக்குப் பின்னால் புல்வெளியில் ஒரு காகம் எதையோ கொத்தி எடுத்து, பக்கத்தில் சிறகை உதறி வாய் பிளந்த குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “குஞ்சு என்ன இப்படிப் புள்ளி புள்ளியாக இருக்கு?” என்றார். குயில் குஞ்சு. காகம் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி ஊட்டத் தொடங்கியது.